81 என்ற பைட்டுக்கு என்ன பொருள்? சிக்னலிங் ட்ரேஸ்களை ஹெக்ஸில் படிக்கும் முறை

தொலைபேசி இணைப்பகங்களையோ செல்பேசி வலையமைப்பின் கருவிகளையோ பராமரிக்கும் பணிக்குப் புதிதாக வருபவர், வெகு விரைவிலேயே சிக்னலிங் ட்ரேஸில், அதாவது அழைப்புகளை அமைக்கவும் துண்டிக்கவும் கருவிகள் பரிமாறிக்கொள்ளும் செய்திகளின் பதிவில், கீழே உள்ளது போன்ற ஒரு வரியை எதிர்கொள்வார்.

00 81 08 06 08 01 05 05 04 02 88 90 18 01 83 70 05 81 32 30 34 35

விளக்கத்துக்காக நான் அமைத்த எடுத்துக்காட்டு இது. ஆனால் ஒவ்வொரு பைட்டும் டிஜிட்டல் தொலைபேசி இணைப்பு முறையான ஐஎஸ்டிஎன் விதிகளின்படியே அமைந்திருக்கிறது. அடிப்படை வகை ஐஎஸ்டிஎன் இணைப்பில் உள்ள ஒரு கருவி, தான் இணைந்திருக்கும் அலுவலக உள் இணைப்பகமான பிபிஎக்ஸிடம் "2045 என்ற எண்ணுக்கு 64 கிலோபிட் தரவு இணைப்பு வேண்டும்" என்று கேட்கிறது. அந்த வேண்டுகோள் முழுவதும் இந்த 22 பைட்டுகளுக்குள் அடங்கிவிடுகிறது.

வயர்ஷார்க் போன்ற மென்பொருள்கள் இதையெல்லாம் தாமாகவே பிரித்துக் காட்டும்போது, ஹெக்ஸை நேரடியாகப் படிக்கக் கற்க வேண்டுமா என்ற கேள்வி நியாயமானது. கற்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. இப்படிப் பிரித்துக் காட்டும் டிகோடர் தருவது அந்த மென்பொருளை எழுதியவரின் புரிதல். கம்பியில் உண்மையாகச் சென்றவை பைட்டுகள் மட்டுமே. பெரும்பாலான நேரங்களில் இரண்டும் ஒத்துப்போகும். அழைப்பு தோல்வியடைந்து, இரு நிறுவனங்களின் கருவிகளில் எது விதியை மீறியது என்ற விவாதம் எழும்போதுதான் அவை ஒத்துப்போகாமல் இருப்பதற்கான வாய்ப்பு மிகுதி, அந்த நேரத்தில் சான்றாக நிற்பவை பைட்டுகளே. மேலும், பல இணைப்பகங்கள் தம் ட்ரேஸை வெறும் ஹெக்ஸ் வரிகளாகவே பதிவுக் கோப்பில் எழுதுகின்றன. அவற்றை டிகோடருக்குக் கொடுப்பதற்கு முன்பே, ஒன்றின்மேல் ஒன்றாக அமைந்த நெறிமுறை அடுக்குகளில் எந்த அடுக்கிலிருந்து பதிவு தொடங்குகிறது என்பது படிப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அடிப்படை எளியது. ஒரு பைட்டில் எட்டு பிட்டுகள் உள்ளன. அவற்றை நான்கு நான்காகப் பிரித்து, ஒவ்வொரு நான்குக்கும் ஒரு குறியீடு தருவதே ஹெக்ஸாடெசிமல் முறை. 0 முதல் 9 வரை இலக்கங்களும், 10 முதல் 15 வரையிலான மதிப்புகளுக்கு ஏ, பி, சி, டி, ஈ, எஃப் என்ற ஆறு எழுத்துகளும் பயன்படுகின்றன. ஆகவே 81 என்பது எண்பத்தொன்று அன்று; 8 பெருக்கல் 16 கூட்டல் 1, அதாவது 129. சிக்னலிங் ட்ரேஸில் இந்தப் பதின்ம மதிப்பு சில இடங்களில்தான் உதவும். 1000 0001 என்ற இரும வடிவமே பெரிதும் தேவைப்படுகிறது, ஏனெனில் நெறிமுறைகள் ஒரே பைட்டுக்குள் இரண்டு மூன்று செய்திகளைப் பிட்டுகளாக அடுக்கி வைக்கின்றன. பதினாறு குறியீடுகளுக்கும் உரிய நான்கு பிட் வடிவங்களை மனப்பாடம் செய்துகொள்வது, இத்துறையில் ஒருவர் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள முதல் வேலை. ஒரு எச்சரிக்கை: இந்த விதிகளை வெளியிடும் சர்வதேசத் தர அமைப்பான ஐடியு-டியின் ஆவணங்களில் மேல்முனைப் பிட்டின் பெயர் எட்டாம் பிட், கீழ்முனைப் பிட்டின் பெயர் முதல் பிட். நிரலாளர்கள் அவற்றையே 7 என்றும் 0 என்றும் எண்ணுவார்கள். இந்த ஓர் இட வேறுபாட்டால் வீணாகும் விவாதங்கள் ஏராளம்.

மேலே உள்ள வரியில் 81 இரண்டு முறையும், 08 இரண்டு முறையும், 05 மூன்று முறையும் வருகின்றன. அவற்றில் எந்த இரண்டுக்கும் ஒரே பொருள் இல்லை. பைட்டுக்குத் தனியாகப் பொருள் கிடையாது. அது எந்த இடத்தில் நிற்கிறது, அந்த இடத்தை எந்த நெறிமுறை ஆளுகிறது என்பதே பொருளைத் தருகிறது. புள்ளியும் இடைவெளியும் இன்றி எழுதப்பட்ட ஓலைச்சுவடி வரியைப் பதம் பிரிப்பதைப் போல, இங்கும் எங்கே வெட்டுவது என்று அறிவதே பாதி வேலை. சுவடியில் வெட்டும் இடத்தை மொழியறிவு காட்டும். இங்கு அதைப் பெரும்பாலும் நீளப் பைட்டுகள் காட்டும்.

முதல் நான்கு பைட்டுகளான 00 81 08 06 இரண்டாம் அடுக்குக்கு, அதாவது லேப்-டி என்ற நெறிமுறைக்கு உரியவை. 00 என்பது இந்தச் சட்டகம், அதாவது ஒரே முறையில் அனுப்பப்படும் இந்தப் பைட் தொகுதி, அழைப்புச் சிக்னலிங்கைச் சுமக்கிறது என்று சொல்கிறது. அடுத்த 81 கருவியின் அடையாள எண். இங்கே கடைசிப் பிட்டான 1, "முகவரி இத்துடன் முடிந்தது" என்பதற்கான குறி. மீதமுள்ள ஏழு பிட்டுகளான 1000000 என்பது 64. பிணையம் தானாக ஒதுக்கும் அடையாள எண்கள் 64 முதல் 126 வரை இருக்கும் என்பதால், 64 மிக இயல்பாகக் காணப்படும் எண். 08, 06 ஆகியவை வரிசை எண்கள்: கடைசிப் பிட்டை நீக்கினால் 4, 3 என்று கிடைக்கின்றன. அனுப்பப்படும் இந்தச் சட்டகத்தின் எண் 4. எதிர்ப்பக்கத்திலிருந்து அடுத்து எதிர்பார்க்கப்படுவதன் எண் 3.

மூன்றாம் அடுக்கான க்யூ.931 இதன் பிறகே தொடங்குகிறது. அதன் முதல் பைட் எப்போதும் 08 என்று படித்திருப்பவர், அவசரத்தில் மூன்றாவது பைட்டிலுள்ள 08-ஐ அதுவென்று எடுத்துக்கொள்ளக்கூடும். அப்படி எடுத்தால் அடுத்து வரும் 06, அழைப்பை அடையாளம் காட்டும் குறிப்பெண்ணின் நீளமாகிவிடும், அதன் பின் எதுவும் பொருந்தாது. உண்மையான தொடக்கம் ஐந்தாவது பைட். அங்கிருந்து 08 நெறிமுறையின் அடையாளம். 01 என்பது அழைப்புக் குறிப்பெண்ணின் நீளம் ஒரு பைட் என்பது. முதல் 05 அந்தக் குறிப்பெண். இரண்டாவது 05 செய்தியின் வகை, அதாவது அழைப்பைத் தொடங்கும் செட்டப் செய்தி. முப்பது பேச்சுத் தடங்கள் கொண்ட பிரைமரி இணைப்புகளில் குறிப்பெண்ணுக்கு இரண்டு பைட்டுகள் என்பதால், அங்கே செய்திகள் 08 02 என்று தொடங்கும்.

தலைப்பகுதிக்குப் பின் தகவல் கூறுகள் வரிசையாக வருகின்றன. ஒவ்வொன்றிலும் முதலில் பெயர், அடுத்து நீளம், பிறகு உள்ளடக்கம். 04 02 என்றால் இணைப்பின் தன்மையைச் சொல்லும் கூறு, உள்ளடக்கம் இரண்டு பைட். 88-ஐ 1 00 01000 என்று பிரித்தால், இறுதி ஐந்து பிட்டுகள் எவ்வித மாற்றமும் செய்யப்படாத டிஜிட்டல் தரவு என்பதைக் குறிக்கின்றன. 90 என்பது சர்க்யூட் முறை, 64 கிலோபிட். அடுத்த கூறு 18 01 83: இரண்டு பேச்சுத் தடங்களில் எதுவாயினும் சரி என்கிறது. கடைசிக் கூறு 70 05: அழைக்கப்படும் எண், உள்ளடக்கம் ஐந்து பைட். அவற்றில் முதலாவது நம் இரண்டாவது 81. இங்கே "முடிந்தது" என்னும் குறி கீழ்முனைப் பிட்டில் இல்லை, மேல்முனைப் பிட்டில் இருக்கிறது. அடுத்த மூன்று பிட்டுகளான 000 எண்ணின் வகை குறிப்பிடப்படவில்லை என்றும், இறுதி நான்கான 0001 வழக்கமான தொலைபேசி எண் திட்டம் என்றும் சொல்கின்றன. மீதியுள்ள 32 30 34 35 ஆஸ்கி எழுத்துக் குறிகள். அந்த முறையில் 30 முதல் 39 வரை 0 முதல் 9 வரையிலான இலக்கங்கள். எனவே 2045.

இப்போது ஒரு முக்கியமான சோதனை. கடைசி நீளமான 05-ஐ எண்ணிக்கொண்டு போனால், வரியின் கடைசி பைட்டில் மிகச் சரியாக முடிகிறது. ஒரு பைட் மிஞ்சினாலோ ஒன்று குறைந்தாலோ, நாம் எங்கோ தவறாக வெட்டியிருக்கிறோம், அல்லது அனுப்பிய கருவி நீளத்தைத் தவறாக எழுதியிருக்கிறது. இரண்டாவது சோதனையும் உண்டு: க்யூ.931-இல் நீளம் கொண்ட கூறுகள் தம் பெயர் எண்ணின் ஏறுவரிசையில் வரவேண்டும். 04, 18, 70 என்று ஏறுகிறது, பிரிப்பு சரி.

இரண்டாம் அடுக்கின் பைட்டுகளை நீக்கிவிட்டுப் பார்த்தால், பிபிஎக்ஸின் முதல் பதில் இப்படி இருக்கும்.

08 01 85 02 18 01 89

குறிப்பெண் 05 இப்போது 85 ஆகியிருக்கிறது. இது வேறோர் அழைப்பன்று. குறிப்பெண்ணை ஒதுக்கிய பக்கம் அனுப்பும்போது மேல்முனைப் பிட் 0, எதிர்ப்பக்கம் அனுப்பும்போது அதே பிட் 1. ஆகவே ஒரு அழைப்பின் முழு வரலாற்றையும் கோப்பில் தேடுபவர் 05, 85 இரண்டையும் தேட வேண்டும். ஒன்றை மட்டும் தேடினால் உரையாடலின் ஒரு பக்கம்தான் கிடைக்கும். 02 என்பது அழைப்பு செயலாக்கத்தில் இருக்கிறது என்னும் செய்தி; 18 01 89 முதல் தடத்தை மட்டுமே பயன்படுத்து என்கிறது. இதை அடுத்து வருவது:

08 01 85 45 08 02 81 81

45 என்பது இணைப்பைத் துண்டிக்கும் செய்தி. இரண்டாவது 08 இங்கே நெறிமுறையின் அடையாளமன்று, துண்டிப்பின் காரணத்தைச் சொல்லும் கூறின் பெயர். அதன் உள்ளடக்கத்தில் இரண்டு 81-கள் அருகருகே நிற்கின்றன. முதலாவது காரணத்தை உருவாக்கிய இடம்: இறுதி நான்கு பிட்டுகள் 0001, அதாவது அழைப்பவருக்குச் சேவை தரும் தனியார் வலையமைப்பு. இரண்டாவதில் மேல்முனைப் பிட்டை நீக்கினால் 1 மிஞ்சுகிறது. காரணம் எண் 1 என்பது ஒதுக்கப்படாத எண் என்று பொருள்படும். 2045 என்ற நீட்டிப்பு அந்த பிபிஎக்ஸில் இல்லை. காரணம் எண் 16, அதாவது 90, இயல்பாக முடிந்த அழைப்பு. 17, அதாவது 91, எதிர்முனை வேறு அழைப்பில் இருக்கிறது. இந்த எண்களை மனத்தில் வைத்திருப்பவர்கள் பலர். அதற்கு முந்தைய இடப் பைட்டைப் பார்ப்பவர்கள் சிலரே. ஆனால் யாரிடம் புகார் கொடுக்க வேண்டும் என்பதைச் சொல்வது அந்த இடப் பைட்தான்.

சாதாரணக் குரல் அழைப்பாக இருந்திருந்தால் இணைப்பின் தன்மைக் கூறு 04 03 80 90 ஏ3 என்று இருந்திருக்கும். ஏ3-இன் இறுதிப் பகுதி ஏ-லா என்ற குரல் குறியாக்கத்தைக் குறிக்கிறது. இந்தியாவும் இலங்கையும் ஐரோப்பாவும் ஏ-லாவைப் பயன்படுத்துகின்றன. வட அமெரிக்காவும் ஜப்பானும் பயன்படுத்தும் மியூ-லாவுக்கு அதே இடத்தில் ஏ2 வரும். ஒரு பக்கம் ஒன்றிலும் மறுபக்கம் மற்றொன்றிலும் அமைக்கப்பட்டிருந்தால் அழைப்பு இணையும், ஆனால் குரல் சிதைந்து கேட்கும். ஒரே ஒரு பிட்டின் வேறுபாடு அது.

எல்லாக் கூறுகளுக்கும் நீளப் பைட் உண்டு என்று எண்ணிவிடக் கூடாது. பெயர்ப் பைட்டின் மேல்முனைப் பிட் 1 ஆக இருந்தால், அந்தக் கூறு ஒற்றை பைட்டுடன் முடிந்துவிடுகிறது. இவற்றில் கவனத்துக்குரியது 96 போன்ற மாற்றுக் குறி: இதற்குப் பின்வரும் கூறுகள் பொது அகராதிப்படி அல்லாமல், அந்தந்த வலையமைப்பு தனக்கென வகுத்துக்கொண்ட ஆறாவது தொகுதியின்படி படிக்கப்பட வேண்டும் என்று அது அறிவிக்கிறது. அதற்குப் பிறகு வரும் 70 தொலைபேசி எண்ணாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. டிகோடர் அந்த இடத்தில் பொருளற்ற எண்ணைக் காட்டினால், முதலில் பின்னோக்கிச் சென்று 96 இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

பெயர், நீளம், உள்ளடக்கம் என்ற ஒழுங்கு எல்லா நெறிமுறைக்கும் பொது அன்று. இணைப்பகங்களுக்கிடையே பயன்படும் எஸ்எஸ்7 நெறிமுறைக் குடும்பம் இதை நன்றாகக் காட்டும். அதில் அழைப்புகளை அமைக்கும் ஐசப் நெறிமுறையில் ஓர் அழைப்பின் முதல் செய்தி இப்படித் தொடங்கலாம்.

85 02 40 00 30 05 00 01

85 தேசிய வலையமைப்பு, ஐசப் செய்தி என்கிறது. அடுத்த நான்கு பைட்டுகளில் சேருமிடத்தின் முனைக் குறியீடு 14 பிட், புறப்பட்ட இடத்தின் குறியீடு 14 பிட், சுமையைப் பங்கிடும் எண் 4 பிட் என்று 32 பிட்டுகள் நெருக்கி அடைக்கப்பட்டுள்ளன. அதுவும் கீழ்ப்பகுதி முதலில், மேல்பகுதி பின்னால். ஆகவே இந்த நான்கையும் தலைகீழாக 30 00 40 02 என்று வரிசைப்படுத்தி, வலப்புறத்திலிருந்து 14, 14, 4 பிட்டுகளாக வெட்ட வேண்டும். கிடைப்பவை: சேருமிடம் 2, புறப்பட்ட இடம் 1, பங்கீட்டு எண் 3. புறப்பட்ட இடத்தின் 1, ட்ரேஸில் 40 என்ற பைட்டின் மேல்முனையில் ஒளிந்திருக்கிறது. அதை 1 என்று கண்ணால் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. பிறகு வரும் 05 00 பேச்சுத் தடத்தின் எண் 5, 01 செய்தி வகை. வட அமெரிக்காவில் முனைக் குறியீடுகள் 24 பிட் நீளம் கொண்டவை என்பதால், அங்கிருந்து வரும் ட்ரேஸில் இந்தப் பகுதி ஏழு பைட்டுகளாக இருக்கும்.

இதே தகவல் ஐபி வலையமைப்பின் வழியே எம்3யுஏ என்ற நெறிமுறையில் செல்லும்போது 00 00 00 01 00 00 00 02 05 02 00 03 என்று தோன்றும். இங்கே புறப்பட்ட இடம் முதலில், சேருமிடம் அடுத்து, ஒவ்வொன்றுக்கும் முழு நான்கு பைட், மேல்பகுதியே முதலில். பழைய முறையில் பயிற்சி பெற்றவர் புதியதைப் படிக்கும்போது அனுப்புநரையும் பெறுநரையும் மாற்றிக்கொள்வது எளிதில் நேரக்கூடியது.

தொலைபேசி எண்களிலும் இத்தகைய திருப்பம் உண்டு. க்யூ.931-இல் ஓர் இலக்கத்துக்கு ஒரு பைட் செலவாகிறது. ஐசப், செல்பேசி வலையமைப்புகள் சந்தாதாரர் தகவல்களைப் பரிமாறப் பயன்படுத்தும் மேப் போன்றவை ஒரு பைட்டில் இரண்டு இலக்கங்களை வைக்கின்றன; முதல் இலக்கம் வலது பாதியில், இரண்டாவது இடது பாதியில். மேப் ட்ரேஸ்களில் ஓர் இந்திய எண் 91 19 என்று தொடங்கும். முதலில் தெரியும் 91-ஐ நம் நாட்டுக் குறியீடு என்று எடுத்துக்கொள்ளத் தோன்றும், ஆனால் அது சர்வதேச வடிவ எண் என்பதைச் சொல்லும் வகைப் பைட். நாட்டுக் குறியீடு அதன் பின்னால் 19 என்று திரும்பி நிற்கிறது. இலங்கை எண்ணாக இருந்தால் 91 49 என்றும், சிங்கப்பூர் எண்ணாக இருந்தால் 91 56 என்றும் வரும். முன்னால் உள்ள 91 மாறாது.

சந்தாதாரரை அடையாளம் காட்டும், சிம் அட்டையின் ஐஎம்எஸ்ஐ எண்ணுக்கு வருவோம். சோதனை வலையமைப்புகளுக்கென ஒதுக்கப்பட்ட 001 01 என்ற குறியீட்டுடன் 001010123456789 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். மேப் செய்தியில் இது 00 01 01 21 43 65 87 எஃப்9 என்று இருக்கும். பதினைந்து இலக்கங்கள் ஒற்றைப்படை என்பதால் கடைசி பைட்டின் காலி இடத்தை எஃப் நிரப்புகிறது. சிம் அட்டைக்குள்ளோ அதே எண் 08 09 10 10 10 32 54 76 98 என்று எழுதப்பட்டிருக்கிறது. 08 நீளம், 09-இன் இடது பாதியில் முதல் இலக்கமான 0, வலது பாதியில் இது ஐஎம்எஸ்ஐ என்பதும் இலக்கங்கள் ஒற்றைப்படை என்பதும். முதல் இலக்கம் இப்படித் தனியே பிரிந்துவிட்டதால், மீதி இணைகள் எல்லாம் ஓரிடம் நகர்ந்துவிடுகின்றன. ஒரே சந்தாதாரரை இரண்டு ட்ரேஸ்களில் தேடுபவர் ஒன்றிலிருந்து பைட் வரிசையை நகலெடுத்து மற்றொன்றில் தேடினால் கிடைக்காது. எண்ணை ஒருமுறை முழுமையாகப் பிரித்தெடுத்து, மற்ற வடிவத்தில் மீண்டும் எழுதித்தான் தேட வேண்டும்.

மேப் செய்திகளைச் சுமக்கும் டிகேப் நெறிமுறையில் 81 இன்னொரு வேடம் பூணுகிறது. 62 81 90 48 04 என்று ஒரு செய்தி தொடங்கினால், 62 புதிய பரிமாற்றத்தின் தொடக்கம். அடுத்து நீளம் வரவேண்டும். ஒரே பைட்டில் எழுதும் நீளம் 127 வரை மட்டுமே செல்லும். அதைத் தாண்டினால் மேல்முனைப் பிட்டை 1 ஆக்கி, நீளத்தை எழுத எத்தனை பைட்டுகள் தேவை என்பதை மீதிப் பிட்டுகளில் சொல்ல வேண்டும். எனவே இங்கே 81 என்பது "அடுத்த ஒரு பைட்டில் நீளம் இருக்கிறது" என்னும் அறிவிப்பு. நீளம் 90, அதாவது 144 பைட்டுகள். 48 04 பரிமாற்ற அடையாளமும் அதன் நீளமும். 81-ஐ 129 என்று எடுத்துக்கொண்டு எண்ணுபவருக்குச் செய்தி பதினாறு பைட்டுகளுக்கு முன்பே முடிந்துவிட்டதாகத் தோன்றும்.

நடைமுறையில், கையில் வந்த ட்ரேஸ் எந்த அடுக்கில் தொடங்குகிறது என்று தெரியாதபோது, எண்ணைக் கொண்டு பின்னோக்கிச் செல்வது நல்ல வழி. யார் யாரை அழைத்தார்கள் என்பது பெரும்பாலும் தெரிந்திருக்கும். அந்த எண்ணை 32 30 34 35 என்றோ, இணை இணையாகத் திருப்பி 02 54 என்றோ எழுதித் தேடினால் ஒரு நிலையான புள்ளி கிடைக்கும். அதற்கு முன்னால் நீளம், அதற்கும் முன்னால் கூறின் பெயர் என்று தொடக்கத்தை நோக்கி நடக்கலாம். தொடக்கம் உறுதியானதும் கோப்பை வயர்ஷார்க்குடன் வரும் டெக்ஸ்ட்2பிகேப் என்ற கருவிக்குக் கொடுத்து, பிரிக்கக்கூடிய கோப்பாக மாற்றிக்கொள்ளலாம். அப்போதும் நீளங்கள் கடைசி பைட்டில் சரியாக முடிகின்றனவா என்பதை ஒரு செய்திக்காவது கையால் எண்ணிப் பார்ப்பது நேர விரயம் அன்று. வரியின் இடப்புறத்தில் வரும் இட எண்களும் ஹெக்ஸில்தான் இருக்கின்றன; 0010 என்பது பத்தாவது பைட்டை அல்ல, 16 பைட்டுகளுக்கு அடுத்துள்ள இடத்தைச் சுட்டுகிறது.

ட்ரேஸை வெளியாரிடம் உதவிக்காக அனுப்பும் முன் ஒன்றைச் செய்தே ஆக வேண்டும். அதில் உண்மையான மனிதர்களின் தொலைபேசி எண்களும் ஐஎம்எஸ்ஐ எண்களும் உள்ளன. ஹெக்ஸில் இருப்பதால் அவை மறைந்துவிடவில்லை என்பதை இதுவரை படித்தவர் நன்கு அறிவார். அவற்றை நீக்காமல், அதே எண்ணிக்கையிலான வேறு இலக்கங்களால் மாற்ற வேண்டும், க்யூ.931-இல் ஒவ்வொரு இலக்கத்தையும் 30 என்று மாற்றினால் போதும். நீக்கிவிட்டால் நீளப் பைட்டுகள் பொய்யாகிவிடும், பார்ப்பவர் இல்லாத ஒரு பிழையைத் தேடத் தொடங்குவார். இரட்டை இலக்க வடிவங்களில் நிரப்பும் எஃப்-ஐ மட்டும் இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு மற்றவற்றை 0 ஆக்கலாம்.